டிரைலர் வாங்குமுன் எடைக் கணக்கு பாருங்கள்

டிராக்டர் வாங்கும் விவசாயிகள் அதன் குதிரைத்திறன், டீசல் செலவு, உழவுக் கருவிகள் ஆகியவற்றைப் பற்றிப் பலரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால், கூடவே வாங்கும் டிரைலரைப் பற்றி அவ்வளவாக யாரும் விசாரிப்பதில்லை. "எத்தனை டன் டிரைலர்?" என்ற ஒரே கேள்வியுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது.

டிரைலரின் பதிவு எடை தேவைக்குக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு நடையிலும் அதிக பாரம் ஏற்றும் ஆசை வரும். தேவைக்கு மேல் இருந்தால் சிறிய டிராக்டர் அதை இழுத்துவிடும். ஆனால் இறக்கத்தில் நிறுத்த முடியாது. முதலாவது தவறு அபராதத்தில் கொண்டுபோய் விடும். இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்து. ஆகவே டிரைலருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு எடைகள்

டிரைலரின் பதிவுச் சான்றில் முக்கியமாக இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று காலி எடை. அதாவது பெட்டி, அடிச்சட்டம், அச்சு, சக்கரங்கள் ஆகியவற்றின் எடை. மற்றொன்று மொத்த எடை. இது டிரைலரும் அதன் மீது ஏற்றிய பாரமும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை.

மொத்த எடை 3,000 கிலோ என்று பதிவாகியிருந்தால் 3 டன் பாரம் ஏற்றலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அந்த டிரைலரின் காலி எடை 1,000 கிலோ என்றால், ஏற்றக்கூடிய பாரம் 2,000 கிலோதான். கணக்கு மிகவும் எளிது:

மொத்த எடை – காலி எடை = ஏற்றக்கூடிய பாரம்

வாங்கிய பிறகு பக்கப் பலகையை உயர்த்துவது, அடித்தகட்டை மாற்றித் தடித்த தகடு அடிப்பது, கூடுதல் பட்டை வில் சேர்ப்பது எல்லாமே காலி எடையைக் கூட்டுகின்றன. மொத்த எடை மாறுவதில்லை. ஆகவே பலகையை உயர்த்தியவருக்கு ஏற்றக்கூடிய பாரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

ஒரே பெட்டி, வேறு வேறு எடை

10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதன் கொள்ளளவு 120 கன அடி, ஏறக்குறைய 3.4 கன மீட்டர். இதில் விளிம்பு மட்டம் வரை நிரப்பினால் எடை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

நெல் – 2 டன்
ஈரப்பதமுள்ள மக்கிய தொழுவுரம் – 2½ டன்
ஈரமான ஏரி வண்டல் – 5 டன்

நெல்லுக்குச் சரியாகப் பொருந்தும் மேற்படி 3,000 கிலோ டிரைலர், வண்டல் மண்ணுக்கு வரும்போது இரண்டரை மடங்கு பாரத்தைச் சுமக்கிறது. பெட்டி அதே பெட்டிதான். ஏற்றுகிறவர் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இந்தப் பெட்டியில் 2 டன் ஈர வண்டல் என்பது சுமார் 9 அங்குல உயரம்தான். பெட்டியின் உட்புறம் 9 அங்குல உயரத்தில் வண்ணத்தால் ஒரு கோடு போட்டு வைக்கலாம். மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அந்தக் கோட்டைக் காட்டினால் போதும். பெட்டியின் அளவும் ஏற்றக்கூடிய பாரமும் மாறினால் கோட்டின் உயரமும் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

"என் டிராக்டர் 45 குதிரைத்திறன். எதையும் இழுத்துவிடும்" என்று சொல்வது வழக்கம். சமதளத் தார்ச்சாலையில் ஒரு டன் பாரத்தை உருட்டிச் செல்ல 20 முதல் 30 கிலோ இழுவிசை இருந்தால் போதும். ஆகவே இழுப்பது பெரிய காரியமே அல்ல. ஓடுகிற பாரத்தை நிறுத்துவதில்தான் கஷ்டம் இருக்கிறது.

டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே வேலை செய்கிறது. 2 டன் எடையுள்ள டிராக்டரில் சுமார் 1,250 கிலோ பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் அந்தச் சக்கரங்கள் தரையைப் பற்றி நிறுத்தும் விசை ஏறத்தாழ 750 கிலோ. டிரைலருக்குத் தனி பிரேக் இல்லை, அதன் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த 750 கிலோ விசைதான் டிராக்டரையும் டிரைலரையும் சேர்த்து நிறுத்தியாக வேண்டும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை அழுத்தினால், சமதளத்தில் நிற்பதற்கு ஆகும் தூரம் வருமாறு:

டிராக்டர் மட்டும் – 9 முதல் 10 மீட்டர்
டிராக்டருடன் 3 டன் மொத்த எடையுள்ள டிரைலர் – சுமார் 24 மீட்டர்
அதே டிரைலரில் விளிம்பு வரை ஈர வண்டல் – சுமார் 38 மீட்டர்

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். அது இந்தக் கணக்கில் சேரவில்லை. சாலை நனைந்திருந்தால் தூரம் இன்னும் கூடும்.

இறக்கத்தில் நிலைமை வேறு. 10 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில், மொத்தம் 5 டன் எடையுள்ள டிராக்டரையும் டிரைலரையும் 500 கிலோ விசை கீழே தள்ளுகிறது. பிரேக்கின் 750 கிலோவில் 250 கிலோதான் மிச்சம். சுமார் 70 மீட்டர் ஓடியாவது வண்டி நின்றுவிடும். விளிம்பு வரை வண்டல் ஏற்றியிருந்தால் மொத்த எடை 8 டன்னைத் தாண்டுகிறது. கீழே தள்ளும் விசை 800 கிலோவுக்கு மேல். பிரேக்கின் விசையோ 750 கிலோ. அந்த வண்டி நிற்கவே நிற்காது. பின்னாலிருந்து டிரைலர் தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழும்.

ஏரிக்கரையிலிருந்து இறங்கும் பாதை, ஆற்றுப் பாலத்தின் அணுகுசாலை, தரைப்பாலத்துக்கு இறங்கும் வண்டிப்பாதை ஆகிய இடங்களில் இத்தகைய சரிவுகள் சாதாரணம். கொல்லிமலை, தொப்பூர் கணவாய் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்பதில்லை. சொந்த ஊரின் ஏரிக்கரையே போதும்.

ஒன்றரை மடங்கு விதி

தனி பிரேக் இல்லாத டிரைலரின் மொத்த எடை, டிராக்டரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வேகமும் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விவசாயப் பொறியாளர்கள் வகுத்த தரவிதி. நம் ஊர்ச் சாலைகளுக்கும் இது நல்ல அளவுகோல்.

டிராக்டரின் எடை 2 டன் என்றால், பிரேக் இல்லாத டிரைலரின் மொத்த எடை 3 டன். அதற்கு மேல் வேண்டுமானால் சக்கரங்களில் பிரேக் பொருத்திய டிரைலரையே வாங்க வேண்டும். டிராக்டரிலிருந்து அந்தப் பிரேக்கை இயக்கும் இணைப்பும் இருக்க வேண்டும். எவ்வளவு எடையுள்ள டிரைலரை இழுக்கலாம் என்பதை டிராக்டர் கம்பெனி கொடுக்கும் கையேட்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கையேட்டில் குறைந்த எடை இருந்தால் அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

சில பகுதிகளில் ஒரே டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரைலர்களைக் கோத்துக் கரும்பு ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு டிரைலரும் அதனதன் பதிவு எடைக்குள் இருந்தாலும், டிராக்டரின் பிரேக் இரட்டிப்பாகிவிடுவதில்லை. இது ஆபத்தான பழக்கம்.

யாருக்கு எது பொருந்தும்?

தஞ்சை மாவட்டத்தில் 3 ஏக்கர் நெல் சாகுபடி செய்யும் விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு இரண்டரை டன் என்றால் ஒரு போகத்துக்கு 7½ டன் நெல். 2 டன் ஏற்றும் டிரைலரில், அதாவது 40 கிலோ மூட்டை 50 வீதம், நான்கு நடையில் எல்லா நெல்லும் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். இவருக்கு 3,000 கிலோ பதிவு எடையே தாராளம். இதற்கு மேல் கனமான டிரைலரை வாங்கினால், உரம் ஏற்றினாலும் நாற்று ஏற்றினாலும் அந்த வெறும் இரும்பையும் சேர்த்து ஆண்டு முழுவதும் டீசல் செலவழித்து இழுக்க வேண்டியிருக்கும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் 5 ஏக்கரில் கரும்பு பயிரிடுபவரின் கதை வேறு. ஏக்கருக்கு 40 டன் என்றால் 200 டன் கரும்பு. 2 டன் வீதம் ஏற்றினால் 100 நடை. வெட்டிய கரும்பைக் காலதாமதமின்றி ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். வெட்டுக்கூலி ஆட்கள் காத்திருப்பார்கள். இந்த அவசரத்தில் சிறிய டிரைலரில் நாள்தோறும் அதிக பாரம் ஏற்றத்தான் மனம் போகும். இவருக்குச் சிறிய பதிவு எடை போலிச் சிக்கனம். 5 டன் பாரம் ஏற்றி 40 நடையில் முடிக்கக்கூடிய, பிரேக் உள்ள டிரைலரும், அதற்குப் போதுமான எடையுள்ள டிராக்டரும் வேண்டும். அவ்வளவு முதல் போட முடியாதவர்கள் கரும்புக்கு வாடகை லாரியை அமர்த்திக்கொண்டு, தொழுவுரம், விதைக்கரணை போன்றவற்றுக்குச் சிறிய டிரைலரை வைத்துக்கொள்வது மேல்.

எடையைத் தீர்மானிக்க நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. ஆண்டில் அதிக நடை ஏற்றப்போகும் பொருள் எது? ஒரு நடைக்கு எத்தனை கிலோ?

2. டிராக்டரின் எடை என்ன? கையேடு அனுமதிக்கும் டிரைலர் எடை என்ன? டிரைலரில் பிரேக் உண்டா?

3. டிரைலரின் அச்சும் டயர்களும் எவ்வளவு பாரம் தாங்கும்? டயரின் பக்கவாட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும்.

4. வயலிலிருந்து தார்ச்சாலை வரை உள்ள வாய்க்கால் பாலமும் சரிவும் எவ்வளவு எடைக்கு இடம் கொடுக்கும்?

முதல் கேள்வியின் விடை தேவையைச் சொல்கிறது. மற்ற மூன்றும் எல்லையைச் சொல்கின்றன. அந்த மூன்றில் எது மிகக் குறைவோ அதுதான் உண்மையான எல்லை. தேவை அதற்குள் அடங்காவிட்டால், நடைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டுமே தவிர பாரத்தைக் கூட்டக் கூடாது.

பாரம் எங்கே நிற்கிறது?

இரண்டு சக்கர டிரைலரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்புறம் இறங்குகிறது. பாரத்தை முன்பக்கமாகக் குவித்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் தூக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் நிற்க வேண்டும். பாரத்தைப் பின்பக்கமாகக் குவித்தாலோ கொக்கி மேல்நோக்கி இழுக்கப்பட்டு, பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் அமையும்படி பரப்பி ஏற்றுவதே முறை.

பதிவு செய்யும்போது

பதிவு எடை என்பது வாங்குபவர் விரும்பியபடி எழுதிக்கொள்ளும் எண் அல்ல. தயாரிப்பாளரின் சான்றையும், அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பையும் வைத்தே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அது பதிவாகிறது. எனவே எடையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு டிரைலரை வாங்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. வடிவமைப்புக்கு ஒப்புதல் பெறாத பட்டறையில் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பதிவு செய்வதே சிக்கலாகிவிடும்.

விலை பேசும்போதே காலி எடை, மொத்த எடை, டயர் அளவு, பிரேக் விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விற்பனைச் சான்றான 21-ஆம் படிவத்திலும், சாலைத் தகுதிச் சான்றான 22-ஆம் படிவத்திலும் உள்ள விவரங்கள் டிரைலரில் பொறித்த எண்களுடன் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். டிரைலருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. அது பக்கவாட்டில் எழுதப்பட வேண்டும். இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரைலரில் தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் 61-வது பிரிவு.

காப்பீட்டுப் பத்திரத்தில் டிராக்டருடன் டிரைலரும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மிக அவசியம். விவசாயப் பயனுக்கெனப் பதிவான டிரைலரில் வாடகைக்குச் செங்கல், ஜல்லி ஏற்றினாலும், கூலி ஆட்களையோ திருவிழாக் கூட்டத்தையோ ஏற்றினாலும், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு. இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் நிலத்தின் மீதே விழலாம்.

அதிக பாரத்தின் விலை

2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 வீதமும் விதிக்க வகை செய்கிறது. கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் உரியவரையே சேரும். இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது. வண்டியை நிறுத்தி எடை போட மறுத்தால் ரூ.40,000. ஓட்டியவர் வேறு ஆளாக இருந்தாலும், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் கருதலாம்.

விளிம்பு வரை வண்டல் ஏற்றிய மேற்படி டிரைலரில் 3 டன் அதிகம். இதற்கு அபராதக் கணக்கு ரூ.26,000. மிச்சமானது ஓரிரு நடையின் டீசலும் கூலியும்தான்.

பழைய டிரைலர் வாங்குவோருக்கு

பழைய டிரைலரை வாங்குமுன் அருகிலுள்ள எடை மேடைக்குக் கொண்டுபோய்க் காலியாக ஒரு முறை எடை போட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள காலி எடையைவிட அதிகமாக இருந்தால், இடையில் யாரோ இரும்பு சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த அளவு பாரத்தைக் குறைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். அடிச்சட்டத்தில் பற்றவைத்த தடங்கள், வளைந்த அச்சு, பொருந்தாத டயர்கள் ஆகியவை அதிக பாரம் சுமந்ததற்கு அடையாளங்கள்.

சொந்த டிரைலர் வைத்திருப்பவர்கள் ஆலையிலும் எடை மேடையிலும் கிடைக்கும் சீட்டுகளை எறிந்துவிடாமல் ஒரு பருவம் முழுவதும் சேர்த்து வைக்கலாம். மொத்த எடை, காலி எடை, பாரம் மூன்றும் அவற்றில் இருக்கும். தன் வண்டி உண்மையில் எவ்வளவு சுமக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம். அடுத்த டிரைலரை வாங்கும்போது அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

இணைப்பு ஊசிக்குப் பூட்டுக்கம்பி, பாதுகாப்புச் சங்கிலி, பின்புறச் சிவப்பு விளக்கு, இரவில் ஒளிரும் பட்டை ஆகியவற்றையும் புறக்கணிக்கக் கூடாது. சரியான எடையுள்ள டிரைலரும் இருட்டில் தெரியாமல் நின்றால் பின்னால் வருபவருக்கு எமன்தான்.

எடை போடும் கட்டணம் சிறிய தொகை. தாளில் கணக்குப் போடக் கால் மணி நேரம் ஆகும். இந்தச் சிறு சிரமத்தை மேற்கொள்ளும் விவசாயி, களத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு நடையும் ஓட்டுநருடன் பத்திரமாகத் திரும்பி வரும் என்ற நிம்மதியுடன் இருக்கலாம்.